உலகப் புகழ்பெற்ற புத்தர் கோயில்கள்: யார் கட்டியது, யார் காப்பாற்றியது, இன்று யார் கையில்?

உலகம் முழுக்க உள்ள பௌத்தர்கள் எல்லோருக்கும் பொதுவான கோயில் ஒன்று உண்டு என்றால், அது பீகார் மாநிலம் புத்த கயாவில் இருக்கும் மகாபோதி ஆலயம்தான். ஜப்பான்காரர், தாய்லாந்துக்காரர், திபெத்தியர், இலங்கைக்காரர் என எல்லோரும் ஒரு தடவையாவது போய்விட ஆசைப்படும் இடம். ஆனால் அந்தக் கோயிலின் நிர்வாகக் குழு உறுப்பினர்களில் பாதிப் பேர்தான் பௌத்தர்கள். மீதிப் பாதி இந்துக்கள். குழுவின் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

இதை எதிர்த்து 2025 பிப்ரவரியில் பிக்குகள் உண்ணாவிரதம் இருந்தபோதுதான், 'புத்தர் கோயில் பௌத்தர்கள் கையில் இல்லையா?' என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள்.

உண்மையில், இந்தச் சிக்கல் புத்த கயாவுக்கு மட்டும் உரியதல்ல. 'உலகின் டாப் 10 புத்தர் கோயில்கள்' என்று தேடினால் உயரம், தங்கம், டிக்கெட் விலை எல்லாம் கிடைக்கும். அந்தக் கோயில்கள் எத்தனை முறை கைமாறின, எரிந்தன, மண்ணில் புதைந்தன, யார் மீட்டார்கள் என்பது கிடைக்காது. அந்தக் கதைகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஸ்தூபி, விகாரை, பகோடா: என்ன வித்தியாசம்?

முதலில் ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்தூபி என்பது உள்ளே போக முடியாத திடமான கட்டடம். புத்தரின் அல்லது பெரிய துறவிகளின் புனிதச் சின்னத்தை உள்ளே வைத்து, மேலே மேடாகக் கட்டுவார்கள். பக்தர்கள் அதைச் சுற்றித்தான் வருவார்கள். விகாரை என்பது பிக்குகள் தங்கும் மடம். பிறகு வழிபாட்டு இடத்தையும் சேர்த்தே அந்தப் பெயரால் சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்தூபிதான் சீனா, ஜப்பான் பக்கம் போனதும் அடுக்கடுக்கான கோபுரமாக மாறியது. பகோடா என்று நாம் சொல்வது அதைத்தான். பர்மாவில் மட்டும் மணி வடிவ ஸ்தூபியையே பகோடா என்கிறார்கள்.

தமிழில் பழைய சொல் 'பள்ளி'. சமண, பௌத்தத் துறவிகள் இருந்த இடத்துக்குப் பெயர் அது. பிள்ளைகள் படிக்கப் போகும் பள்ளிக்கும் அதே பெயர் என்பது தற்செயல் இல்லை.

மகாபோதி: நாலே நாலு பிக்குகள் காத்த கோயில்

சித்தார்த்தர் ஞானம் பெற்றது இங்கிருந்த அரச மரத்தடியில். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் இங்கே முதல் கோயிலை எழுப்பினார் என்பது வரலாறு. இப்போது நாம் பார்க்கும் சுமார் 50 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம் கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. முழுக்கச் செங்கல்லால் கட்டி, இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. 7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

அதன் பிறகு பீகாரில் பௌத்தம் சரிந்தது. படையெடுப்புகள், மன்னர்களின் ஆதரவு நின்றுபோனது, மடங்கள் காலியானது எனக் காரணங்கள் பல. 13-ஆம் நூற்றாண்டில் வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமின் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். அவர் வந்தபோது அங்கே இருந்தது நாலே நாலு பிக்குகள். புத்தர் சிலைக்கு முன்னால் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். வெளிக் கதவையும் பூசி, அதன் மேல் சிவன் உருவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். சிலையைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. இந்தக் கோயிலைப் பற்றி வாசித்ததிலேயே மனதில் நிற்பது இதுதான்.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைவத் துறவிகள் அங்கே மடம் அமைத்தார்கள். அதன் தலைவர்களான மகந்துகளின் பொறுப்பில் கோயில் வந்தது. அவர்கள் கோயிலைப் பறித்துக்கொண்டார்களா, கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டார்களா என்பதில்தான் இன்றைய சண்டையின் வேர் இருக்கிறது.

1870-களில் பர்மிய மன்னர் மிண்டோன் ஆட்களை அனுப்பிப் பழுது பார்க்க ஆரம்பித்தார். பிறகு பிரிட்டிஷ் அரசு கையில் எடுத்தது. தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் கன்னிங்காம் மேற்பார்வையில் 1880-களில் கோயில் புதுப்பிக்கப்பட்டது. பழைய அரச மரம் 1876-ல் விழுந்துவிட்டது. 1881-ல் கன்னிங்காம் நட்ட கன்றுதான் இன்றைய மரம். அதாவது நாம் தொட்டுக் கும்பிடும் மரத்துக்கு 2,500 வயது இல்லை.

1891-ல் இலங்கையிலிருந்து அநாகரிக தர்மபாலர் என்ற இளைஞர் வந்தார். கோயிலின் நிலையைப் பார்த்துக் கொதித்துப்போய், அதே ஆண்டு கொழும்பில் மகாபோதி சங்கத்தை ஆரம்பித்தார். 1895-ல் ஜப்பானிலிருந்து வந்த புத்தர் சிலையை மேல் தளத்தில் வைக்கப் போனபோது மகந்தின் ஆட்கள் தடுத்தார்கள். வழக்கானது. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 1920-களில் காங்கிரஸ் சார்பில் ராஜேந்திர பிரசாத் இந்தச் சிக்கலை ஆராய்ந்து, இரு மதத்தவரும் சேர்ந்த குழு அமைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1949-ஆம் ஆண்டு புத்த கயா கோயில் சட்டம் அந்த யோசனையின் தொடர்ச்சிதான். குழுவில் 4 பௌத்தர்கள், மகந்த் உட்பட 4 இந்துக்கள். கயா மாவட்ட ஆட்சியர் தலைவர். ஆட்சியர் இந்துவாக இல்லாவிட்டால் வேறொரு இந்துவைத் தலைவராக நியமிக்க வேண்டும் என்று இருந்தது. 2013-ல்தான் அந்தப் பகுதியை நீக்கினார்கள்.

சரி, இரு தரப்பும் என்ன சொல்கிறது?

'மற்ற மதங்களின் முக்கியத் தலங்களை அந்தந்த மதத்தவர் நிர்வகிக்கும்போது எங்களுக்கு மட்டும் ஏன் பாதி? மத நிறுவனங்களை நிர்வகிக்க அரசியலமைப்பு தந்த உரிமை எங்களுக்கு இல்லையா?' என்பது பௌத்த அமைப்புகளின் கேள்வி. 'பல நூறு ஆண்டுகள் நாங்கள் பார்த்துக்கொண்டோம். புத்தரை விஷ்ணுவின் அவதாரமாகக் கும்பிடுகிறோம். வளாகத்தில் சிவலிங்கமும் இருக்கிறது. கயாவில் பிண்டம் வைக்க வருபவர்கள் இங்கேயும் வருகிறார்கள்' என்பது எதிர்த் தரப்பு. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 1949-ல் இந்தியாவில் பௌத்தர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. 1956-ல் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானவர்கள் பௌத்தம் தழுவியதற்கு முன்னால் எழுதிய சட்டம் அது. கோயிலுக்குச் சொந்தம் கொண்டாட இன்று உள்ளூரிலேயே ஒரு பெரிய சமூகம் இருக்கிறது. போராட்டத்தின் முன்வரிசையில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். இதைச் சொல்லாமல் இந்தப் பிரச்சினை புரியாது.

2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2013 ஜூலையில் தொடர் குண்டுகள் வெடித்து பிக்குகள் காயமடைந்தார்கள், கோயில் தப்பியது. அதே ஆண்டு தாய்லாந்து பக்தர்கள் தந்த சுமார் 290 கிலோ தங்கத்தால் கோபுர உச்சிக்குக் கவசம் போட்டார்கள்.

போரோபுதூர்: பௌத்தர்கள் குறைந்த நாட்டில் பிரம்மாண்டமான கோயில்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், யோக்யகர்த்தா நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது போரோபுதூர். உலகின் மிகப்பெரிய பௌத்தக் கோயில். 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் சைலேந்திர மன்னர்கள் கட்டியது. நாட்டின் பெரும்பான்மை மக்கள் இன்று முஸ்லிம்கள்.

இது நாம் நினைக்கிற மாதிரிக் கருவறை உள்ள கோயில் இல்லை. உள்ளே போகவே முடியாது. ஒரு குன்றை அப்படியே கல்லால் மூடிய படிக்கட்டு மலை என்று சொல்லலாம். கீழே சதுரத் தளங்கள், மேலே மூன்று வட்டத் தளங்கள், உச்சியில் ஒரு பெரிய ஸ்தூபி. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் எரிமலைக் கற்களைக் கோத்து அடுக்கியிருக்கிறார்கள். சுவர்களில் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள். புத்தர் சிலைகள் 504. வட்டத் தளங்களில் இருக்கும் 72 சிறு ஸ்தூபிகளும் சல்லடை போல ஓட்டை விட்டுக் கட்டப்பட்டவை. எட்டிப் பார்த்தால் உள்ளே புத்தர் உட்கார்ந்திருப்பார்.

கீழிருந்து சுற்றிச் சுற்றி ஏறினால் கதை படித்துக்கொண்டே போகலாம். புத்தரின் வாழ்க்கை, முற்பிறவிக் கதைகள், ஞானம் தேடி ஊர் ஊராகப் போகும் சுதனன் என்ற இளைஞனின் பயணம் என்று வரிசையாக இருக்கும். மேலே போகப் போகச் சிற்பங்கள் நின்றுவிடும். வெறும் வானமும் ஸ்தூபிகளும்தான்.

ஜாவாவின் அரசியல் மையம் கிழக்குப் பக்கம் நகர்ந்ததும் கோயில் கைவிடப்பட்டது. எரிமலைச் சாம்பலும் காடும் மூடிவிட்டன. 1814-ல் ஜாவாவின் பிரிட்டிஷ் ஆளுநர் ராஃபிள்ஸ் காதுக்குச் செய்தி வந்தது. பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய அதே ராஃபிள்ஸ்தான். கொர்னேலியஸ் என்ற டச்சுப் பொறியாளரை அனுப்பினார். சுமார் 200 பேர் மரம் வெட்டி, மண் அள்ளினார்கள். 'ராஃபிள்ஸ் கண்டுபிடித்தார்' என்றே பல இடங்களில் எழுதுகிறார்கள். அங்கே இப்படி ஒன்று இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்ததால்தானே அவர் காதுக்கே வந்தது?

வெளியே வந்ததும் கோயிலுக்குப் புதுத் தொல்லை. சிலைத் தலைகள் காணாமல் போயின. 504 புத்தர்களில் 300-க்கும் மேற்பட்ட சிலைகள் சிதைந்தவை, பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. 1896-ல் வந்த சயாம் மன்னர் சுலாலங்கோர்னுக்கு டச்சு அரசு 8 வண்டி நிறையச் சிற்பங்களைப் பரிசாகக் கொடுத்தது. சிலவற்றை இன்றும் பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பௌத்த மன்னர் பௌத்தக் கோயிலிலிருந்து சிலைகளைக் கொண்டு போனதைக் கொள்ளை என்பதா, பக்தி என்பதா?

உண்மையான எதிரி தண்ணீர்தான். மழை நீர் உள்ளே இருக்கும் மண் குன்றில் இறங்கி, சுவர்களைச் சாய்த்தது. 1975 முதல் 1982 வரை இந்தோனேசிய அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து, பல நாட்டு நிதியோடு, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுத்தம் செய்து, உள்ளே வடிகால் அமைத்து, திரும்ப அதே இடத்தில் பொருத்தினார்கள். வேலை முடிந்த மூன்றே ஆண்டுகளில், 1985 ஜனவரியில், தீவிரவாதிகள் வைத்த குண்டுகளில் 9 ஸ்தூபிகள் சேதமாயின. அவற்றையும் சரி செய்தார்கள். 2010-ல் மெராபி எரிமலை வெடித்தபோது கோயில் முழுக்கச் சாம்பல் படிந்தது. உள்ளூர் மக்களும் சேர்ந்து சுத்தம் செய்தார்கள்.

இன்றைய கேள்வி, இது கோயிலா, அருங்காட்சியகமா என்பது. வைசாக் பௌர்ணமி அன்று பக்கத்து மெண்டுட் கோயிலிலிருந்து பிக்குகள் ஊர்வலமாக வருவார்கள். மற்ற நாட்களில் பெரும்பாலும் சுற்றுலாக் கூட்டம்தான். 2022-ல்தான் இதை உலக பௌத்தர்களின் வழிபாட்டு இடமாகவும் பயன்படுத்த அரசு முறையாக ஒப்பந்தம் போட்டது. கற்படிகள் தேய்கின்றன என்று ஒரு நாளைக்கு மேலே ஏறுபவர்களின் எண்ணிக்கைக்கு 1,200 என வரம்பு வந்தது. உச்சி ஸ்தூபி மீது கல் குடை ஒன்றைப் பொருத்தும் திட்டம் 2024-ல் எழுந்தது. பழைய கற்கள் போதுமான அளவு கிடைக்காமல் ஊகித்துச் செய்வது தப்பு என்று தொல்லியல் தரப்பில் எதிர்ப்பு வர, தள்ளிப்போனது. 2025 மே மாதம் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் வருகைக்காகப் படியில் நகரும் இருக்கை பொருத்தியதும் சர்ச்சையானது.

நாகப்பட்டினத்துக்கு இதில் என்ன வேலை?

நேரடித் தொடர்பே இருக்கிறது. அதே சைலேந்திர வம்சத்தைச் சேர்ந்த ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணிவர்மன், நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் கட்ட ஆரம்பித்தார். அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டி முடித்தார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தவர் யார் தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன். இந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் 'லைடன் செப்பேடுகள்' என்றே அழைக்கப்பட்டன.

அதே ஸ்ரீவிஜயத்தின் மீதுதான் ராஜேந்திர சோழன் 1025-ல் கடற்படையோடு போனார். ஆனாலும் நாகப்பட்டினத்து விகாரத்துக்குப் பிற்காலச் சோழர்களும் கொடையைத் தொடர்ந்தார்கள்.

'புதுவெளிகோபுரம்' என்று ஊர்க்காரர்கள் சொன்ன செங்கல் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை அங்கே நின்றது. கப்பலில் வருபவர்களுக்கு அதுதான் அடையாளம். 1867-ல், அரசு அனுமதியோடு, பாதிரிமார்கள் கல்லூரிக் கட்டடத்துக்காக அதை இடித்துவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் பல கட்டங்களில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் 300-க்கும் மேல். எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். போரோபுதூருக்கு ஒரு ராஃபிள்ஸ் வந்தார். நமக்கு வந்தது இடிக்கிற உத்தரவு. 'மணிமேகலை'யைப் பாடத்தில் படிக்கிறோம், அந்தக் காப்பியத்தின் மதம் இருந்த கட்டடம் 150 வருடங்களுக்கு முன்புவரை நின்றது என்று யாரும் சொல்லித் தருவதில்லை!

கண்டி தலதா மாளிகை: பல்லை வைத்திருப்பவரே அரசர்

இலங்கையின் கண்டியில் இருப்பது புத்தரின் பல். கலிங்க நாட்டு இளவரசி ஹேமமாலா 4-ஆம் நூற்றாண்டில் தன் கூந்தலில் மறைத்துக் கொண்டுவந்தார் என்பது மரபு. அந்தப் பல் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே நாட்டை ஆளும் உரிமை என்று ஒரு நம்பிக்கை வளர்ந்தது. அதனால் தலைநகரம் மாறும்போதெல்லாம் பல்லும் கூடவே பயணம் செய்தது. கடைசியாகச் சேர்ந்த இடம் கண்டி.

1739-ல் கண்டியின் சிங்கள அரச வம்சத்துக்கு நேரடி வாரிசு இல்லாமல் போனது. அரசியின் சகோதரர் ஆட்சிக்கு வந்தார். அவர்கள் மதுரை நாயக்கர் வழி உறவினர்கள். அடுத்த 76 ஆண்டுகள் கண்டியை ஆண்டது இந்த நாயக்க மன்னர்கள் நால்வர். பிறப்பால் சைவ, வைணவக் குடும்பம், ஆனால் தலதா மாளிகையின் காவலர்கள். இவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் இலங்கையில் அற்றுப்போயிருந்த பிக்குகளின் உயர் தீட்சையை, 1753-ல் சயாமிலிருந்து துறவிகளை வரவழைத்து மீட்டவர். இன்றைய சியாம் நிகாயப் பிரிவு அப்படி வந்ததுதான்.

புகைப்படங்களில் நாம் பார்க்கும் எட்டுப் பட்டை மண்டபத்தையும், முன்னால் இருக்கும் ஏரியையும் அமைத்தவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832-ல் அங்கேயே இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவர் சமாதிதான்.

கண்டியில் ஆண்டுதோறும் நடக்கும் எசல பெரஹராவில் தலதா மாளிகையோடு நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என நான்கு தேவாலயங்களின் ஊர்வலமும் சேர்ந்து வரும். பத்தினி யார்? நம்ம கண்ணகிதான். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் கயவாகு மன்னனோடு இந்த வழிபாட்டைச் சேர்த்துச் சொல்வது இலங்கை மரபு. முதலில் தெய்வங்களின் விழாவாக இருந்த பெரஹராவில், சயாம் பிக்குகள் வந்த காலத்தில்தான் புத்தரின் பல் முன்னால் வைக்கப்பட்டது.

1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லாரியை மோதவிட்டதில் மாளிகையின் முகப்பும் கூரையும் சிதைந்தன. பக்தர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். இலங்கை சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டு விழா சில நாட்களில் கண்டியில் நடக்க வேண்டியது. அது கொழும்புக்கு மாறியது. புலிகள் அமைப்பை அரசு தடை செய்ததும் இதைத் தொடர்ந்துதான். கட்டடத்தைப் பிறகு சீரமைத்துவிட்டார்கள். இன்று மாளிகைக்குள் போக வேண்டும் என்றால் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்போது யார் கையில்? மல்வத்தை, அஸ்கிரிய ஆகிய இரண்டு மடங்களின் தலைமை பிக்குகளும், 'தியவதன நிலமே' என்ற இல்லறத்தாரும் சேர்ந்து பொறுப்பு. நிலமேவை வாக்கெடுப்பு நடத்தித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஷ்வேடகோன்: செருப்புக்கு நடந்த போராட்டம்

மியான்மரின் யாங்கூன், நம் தாத்தாக்கள் சொன்ன ரங்கூன். ஊரில் எங்கே நின்றாலும் தெரியும் சுமார் 99 மீட்டர் உயரத் தங்க ஸ்தூபி. புத்தரின் எட்டு முடிகள் உள்ளே இருப்பதாக நம்பிக்கை. 15-ஆம் நூற்றாண்டில் ஷின்சாவ்பு என்ற அரசி தன் எடைக்கு எடை தங்கம் கொடுத்து முலாம் பூச வைத்தார். அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

1608-ல் பிலிப் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசியர் இங்கிருந்த மாபெரும் மணியைப் பீரங்கி வார்க்க எடுத்துப் போனார். மணி ஆற்றில் மூழ்கியது, இன்னும் கிடைக்கவில்லை. 1825-ல் ஆங்கிலேயர் இன்னொரு மணியைத் தூக்கினார்கள். அதுவும் ஆற்றில் விழுந்தது. 'எங்களால் எடுக்க முடியும், எடுத்தால் எங்களுக்கே தர வேண்டும்' என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டு, மூங்கில்களைக் கட்டி மிதக்கவிட்டு மீட்டுவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அந்த மணி இன்றும் கோயிலில் இருக்கிறது.

1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயப் படை கோயில் குன்றையே கோட்டையாக்கிக்கொண்டது. 1929 வரை ராணுவம் முழுசாக வெளியேறவில்லை. மாண்டலேயில் ஆண்ட மிண்டோன் மன்னர், ஆமாம், புத்த கயாவுக்கு ஆள் அனுப்பிய அதே மிண்டோன், 1871-ல் உச்சிக் குடையைச் செய்து அனுப்பினார். ஆனால் அவரே நேரில் வந்து ஏற்ற ஆங்கிலேயர் விடவில்லை.

ஐரோப்பியர்கள் பூட்ஸ் காலோடு கோயிலுக்குள் நடந்தது பர்மியர்களைப் புண்படுத்தியது. அதை எதிர்த்துக் கிளம்பிய இயக்கம்தான் அந்த நாட்டு தேசிய இயக்கத்தின் தொடக்கப் படிகளில் ஒன்று. கோயிலுக்குள் என்ன உடுத்தலாம் என்பதை மடாதிபதிகளே முடிவு செய்யலாம் என்று 1919-ல் அரசு இறங்கி வந்தது. 1988-ல் ஆங் சான் சூ கி லட்சக்கணக்கானவர்கள் முன் முதல் பெரிய உரையை நிகழ்த்தியது இந்தக் கோயிலின் மேற்குச் சரிவில். 2007-ல் பிக்குகள் நடத்திய போராட்டத்துக்கும் இதுதான் மையம்.

ஜப்பான்: ஒரு தீ விபத்து எழுதிய சட்டம்

நாரா பகுதியில் உள்ள ஹோர்யு-ஜி, உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களைக் கொண்ட கோயில். 607-ல் தொடங்கியது, 670-ல் எரிந்தது, திரும்பக் கட்டப்பட்டது. 1,300 ஆண்டுகளாக நிலநடுக்கங்களைத் தாங்கி நிற்கிறது ஐந்தடுக்கு பகோடா. அதன் நடுத்தூண் மரம் வெட்டப்பட்டது 594-ல் என்று ஆண்டு வளையங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

1949 ஜனவரி 26. மூலக் கோயிலில் இருந்த, அஜந்தாவோடு ஒப்பிடப்படும் சுவரோவியங்களை நகலெடுக்கும் பணி நடந்துகொண்டிருந்த காலம். தீப்பிடித்து ஓவியங்கள் கருகின. ஜப்பானே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றும் ஒவ்வொரு ஜனவரி 26 அன்றும் நாடு முழுக்கக் கோயில்களில் தீயணைப்பு ஒத்திகை நடக்கும்.

பக்கத்திலேயே தோடாய்-ஜி. சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். 752-ல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தென்னிந்தியர் என்று சொல்லப்படுகிறது. அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், புண்ணியத்தில் பங்கு! 1180-லும் 1567-லும் போர்த் தீயில் எரிந்த மண்டபத்தை 1709-ல் கட்டி முடித்தார்கள். பழையதைவிட அகலம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியும் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

பாங்காக்கும் காத்மாண்டுவும்

பாங்காக் அரண்மனை வளாகத்தில் இருக்கும் வாட் பிரா கேவ் கோயிலின் 'மரகத புத்தர்' உண்மையில் மரகதம் இல்லை, பச்சை நிறக் கல். உயரம் 66 செ.மீ.தான். தாய்லாந்து மன்னர் ஆண்டுக்கு மூன்று முறை பருவத்துக்கு ஏற்ப ஆடை மாற்றுவார். 1779-ல் லாவோஸின் வியன்டியான் நகரை வென்றபோது எடுத்துவரப்பட்ட சிலை இது. எடுத்துவந்த தளபதிதான் பின்னர் முதலாம் ராமர் என்ற பெயரில் மன்னரானார். சிலை முன்பு இருந்த வியன்டியான் கோயில் இப்போது அருங்காட்சியகம்.

காத்மாண்டுவின் பௌத்தநாத் ஸ்தூபி 2015 நிலநடுக்கத்தில் உச்சி விரிசல் விட்டது. மற்ற பாரம்பரியக் கட்டடங்கள் பல ஆண்டுகள் இழுத்தபோது, இதை மட்டும் 2016 நவம்பரிலேயே திறந்துவிட்டார்கள். அரசுக்காகக் காத்திருக்காமல், சுற்றியுள்ள மக்களும் பக்தர்களும் பணமும் தங்கமும் போட்டுச் சீரமைத்ததுதான் காரணம்.

போகத் திட்டமிடுபவர்கள் கவனத்துக்கு

மியான்மரில் செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் கழற்ற வேண்டும். ஷ்வேடகோன் தரை மதிய வெயிலில் சுடும், காலையிலோ மாலையிலோ போங்க. பாங்காக்கில் அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டைக்கு அனுமதி இல்லை. இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது அவமரியாதை. புத்தரைப் பச்சை குத்தியிருந்தால் இன்னும் கவனம் தேவை, 2014-ல் அதற்காக ஒரு பிரிட்டிஷ் பயணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போரோபுதூரில் மேலே ஏறத் தனி டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டும். கல் தேயாமல் இருக்க 'உபானத்' என்ற பின்னல் செருப்பை அவர்களே தருவார்கள். நம்ம காதுக்குப் பழகிய சமஸ்கிருதச் சொல்தான்.

புத்த கயாவில் 2013 குண்டுவெடிப்புக்குப் பிறகு செல்போனுக்குத் தடை. இதை வாசித்துக்கொண்டிருக்கும் போனை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் அரச மரத்தடிக்குப் போக முடியும்.